மங்களூருக்கு வந்த ஏடன் கடிதங்கள்

மிளகு மொத்தமும் கடலோடு போயிற்று. இரும்பில் பாதி மட்டும் மீண்டது.

சுமார் 880 வருடங்களுக்கு முன் ஏமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து மங்களூருக்கு வந்த ஒரு கடிதத்தில் இருக்கும் செய்தி இது. எழுதியவர் ஏடன் வணிகர் கலஃப் இப்னு இஸ்ஹாக். பெற்றவர் ஆபிரகாம் பென் யிஜு. துனிசியாவின் மஹ்தியா நகரத்தில் பிறந்து, ஏடன் வழியாக வந்து, 1132 வாக்கில் மலபார்க் கரையில் குடியேறிய யூத வணிகர் இவர். இவர் ஏற்றி அனுப்பிய சரக்கு இரண்டு கப்பல்களில் கிளம்பியிருந்தது. சின்னக் கப்பல் நல்லபடியாக ஏடன் சேர்ந்தது. பெரியது ஆப்பிரிக்கக் கரையில் பெர்பெரா பக்கம் வரை போய், அங்கிருந்து காற்று அடித்துத் தள்ள, செங்கடலின் வாசலான பாப் எல் மந்தப் நீரிணையில் உடைந்தது. ஏடனிலிருந்து முக்குளிக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிப்போய் இரும்பில் பாதியை எடுத்துவிட்டார்கள். தண்ணீரோடு போன மிளகை யார் எடுப்பது?

கலஃப் அதோடு நிறுத்தவில்லை. முக்குளித்த கூலியும் மற்றச் செலவும் மீண்ட இரும்பின் விலையில் கழியும், மிச்சம் அவரவர் சரக்குக்கு ஏற்றபடி பங்காகும் என்று கணக்கு வழியையும் சொல்லிவிடுகிறார். இதை எழுதும்போதே சுங்கச் சாவடியில் அந்த இரும்பைக் கையாண்டுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி வேறு. படிக்கிறவருக்கு அந்த இரும்புச் சத்தமே காதில் விழுந்திருக்கும்.

பாய்மரக் காலத்து வணிகக் கடிதம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒன்றைக் காட்டினாலே பாதி புரிந்துவிடும். நாம் நினைக்கிற மாதிரி அது வெறும் தகவல் தாள் அல்ல. செய்தி, நஷ்டக் கணக்கு, பங்கு பிரிக்கும் முறை, ஆறுதல் எல்லாம் ஒரே காகிதத்தில். சொல்லப்போனால் கடை அந்தக் காகிதத்தில்தான் நடந்தது. மங்களூரில் இருப்பவருக்கு ஏடனில் கிட்டங்கி கிடையாது, குமாஸ்தா கிடையாது. ஏடனில் அவருக்கு இருந்ததெல்லாம் அவருடைய கடிதமும் அதைப் படிக்கிற நண்பரும்தான்.

இவ்வளவு பழைய கடிதம் எப்படிக் கிடைத்தது? பழைய கெய்ரோவில், அதாவது ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா என்ற யூத வழிபாட்டுக்கூடம் இருக்கிறது. கடவுள் பெயர் எழுதிய காகிதத்தைக் கிழித்தோ எரித்தோ போடக்கூடாது என்பது யூதர் வழக்கம். பழசான தாள்களைப் போட்டுவைக்க அங்கே ஒரு அறை இருந்தது. அதன் பெயர் கெனிஸா. கடவுள் வாழ்த்து இல்லாமல் அந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதினார்கள்? அதனால் சமய நூல்களோடு மிளகு விலையும் கடன் பாக்கியும் அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தன. 1896-97ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த சாலமன் ஷெக்டர் அதில் பெரும்பகுதியை, கிட்டத்தட்ட 1,93,000 துண்டுகளை, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு எஸ்.டி. கோய்ட்டெய்ன் என்ற அறிஞர் அதற்குள்ளிருந்து இந்திய வணிகம் சம்பந்தப்பட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். மொழி அரபு, எழுத்து எபிரேயம். நம் பக்கத்து அரபுத்தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அங்கே தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், இங்கே அரபை எபிரேய எழுத்தில்.

காற்று தபால்காரர்

முதலில் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அரபிக்கடலில் பாய்மரம் நினைத்த நேரத்தில் போகாது. தென்மேற்குக் காற்று, நம் கரையில் கச்சான் என்பார்களே அது, ஜூன், ஜூலையில் வெறிபிடித்து அடிக்கும். மேற்குக் கரைத் துறைகள் எல்லாம் மூடிக்கிடக்கும். அது தணிகிற ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஏடனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கிளம்பும். திரும்பிப் போக வாடைக்காற்று வர வேண்டும், அதாவது குளிர்காலம். காற்று ஒத்துழைத்தால் கடலில் சில வாரங்கள்தான். ஆனால் காற்று திரும்பக் காத்திருப்பதுதான் மாதக்கணக்கில்.

சரி, இப்போது கணக்குப் பாருங்கள். மார்கழி, தையில் நீங்கள் மங்களூரிலிருந்து மிளகும் கூடவே ஒரு கடிதமும் அனுப்புகிறீர்கள். அது ஏடனில் விற்று, பதில் உங்கள் கைக்கு வரும்போது புரட்டாசி, ஐப்பசி ஆகிவிடும். 'என்ன, இவ்வளவு குறைச்சலாக விற்றுவிட்டீர்கள்?' என்று நீங்கள் கேட்க நினைத்தால் அடுத்த வாடைக்காற்று வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பதில் அதற்கடுத்த வருடம். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு வருடம்.

அந்தக் கடிதங்களில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற எல்லாமே இந்த ஒரு வருட இடைவெளியிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. நீளம், திரும்பத் திரும்பச் சொல்வது, முன்னெச்சரிக்கை, 'இப்படி ஆனால் அப்படிச் செய்யுங்கள்' என்ற மாற்று உத்தரவு எல்லாம் இதனால்தான். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள முடியாது. ஆகவே வரப்போகிற சந்தேகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு கடிதத்தைப் பிரித்தால்

தொடக்கத்தில் வாழ்த்து, சில சமயம் பல வரிகளுக்கு நீளும். எழுதுகிறவர் தன்னை 'அடியேன்' என்கிற மாதிரி படர்க்கையில் சொல்லிக்கொள்வார்; பெறுகிறவர் 'என் எசமானர், மதிப்புக்குரிய பெரியவர்'. இரண்டு பேரும் சமமான வணிகர்கள்தான், வேலைக்காரன் யாருமில்லை. எங்கள் தாத்தா போஸ்ட் கார்டில்கூட 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று இரண்டு வரியைச் செலவழித்துவிட்டுத்தான் நெல் விலைக்கு வருவார். அதே பழக்கம்தான். ஆனால் ஏடன் கடிதத்தில் அந்த வாழ்த்துக்கு ஒரு வேலையும் உண்டு. உறவு பழையபடி இருக்கிறதா, கசப்பு தட்டிவிட்டதா என்று படிக்கிறவர் அதன் சூட்டிலேயே தெரிந்துகொள்வார்.

அடுத்தது, 'உங்கள் கடிதம் கிடைத்தது.' இன்றைக்கு இது மரியாதைக்குச் சொல்வது. அன்றைக்கு இதுதான் ரசீது. எந்தக் கப்பலில், யார் கையில், எந்தெந்தக் கடிதம் வந்தது என்று சொன்னால்தான் எது வரவில்லை என்பது மறுபக்கம் புரியும்.

பிறகு சரக்கு, ஒவ்வொன்றாக. வந்த எடை, சுங்கம் பிடித்தது, விற்ற விலை, விற்காமல் கிடப்பது. எடைக்குப் பஹார் என்ற அளவு. 300 ராத்தல் ஒரு பஹார். பஹார் நம் 'பாரம்' என்ற சொல்லோடு ஒட்டியது. ராத்தல் நேராக அரபிலிருந்து வந்தது. வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல் எல்லாம் அரபு மூலம் உள்ளவைதான். பலது பாரசீகம் பேசிய அரசவைகள் வழியாகப் பிற்காலத்தில் நம்மிடம் வந்தன. கடைக்கணக்கில் நாம் தினமும் அரபு பேசுகிறோம், தெரியாமல்.

எண்களை வைத்து ஒரு முறை பார்த்தால் விளங்கும். இந்தக் கணக்கு புரிவதற்காக நானே போட்டது; எந்தக் கடிதத்திலும் இருப்பதல்ல. மங்களூர்க்காரர் 10 பஹார் மிளகு அனுப்புகிறார். ஏடனில் பஹார் 30 தினார் வீதம் விற்று 300 தினார் வருகிறது. சுங்கம், நிறுப்புக் கூலி, சுமை கூலி என்று 50 போக 250. அதில் 120க்குச் செம்பும் 60க்குப் பட்டும் 20க்குச் சர்க்கரை, காகிதமும் வாங்கி அனுப்பியாயிற்று. 30 தினார் தங்கக் காசாக நாகுதா, அதாவது கப்பல் தலைவர், கையில் கொடுத்தனுப்பியாயிற்று. மீதி 20 தினார், ஏடன் நண்பரிடம் வரவாக நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பணம் பெரும்பாலும் பணமாகத் திரும்புவதில்லை. மிளகு செம்பாகவும் பட்டாகவும் மாறி வருகிறது. இரண்டு பக்கமும் லாபம் பார்க்க வேண்டுமே, கப்பலைக் காலியாக அனுப்புவார்களா?

செம்பு எதற்கு என்றால், பென் யிஜு மலபாரில் ஒரு பட்டறை நடத்தினார். ஏடன் நண்பர்கள் உடைந்த பாத்திரங்களை அவருக்கு அனுப்பி உருக்கிப் புதிதாகச் செய்யச் சொல்வார்கள். ஒரு கடிதத்தில் உடைந்த கெண்டி ஒன்றும் கைகழுவும் வட்டில்களும் போகின்றன, எல்லாம் சேர்ந்து 7 ராத்தலுக்குக் கால் ராத்தல் குறைய. அதிலிருந்து அதே அளவில் கெண்டி செய்ய வேண்டும், எடை சரியாக 5 ராத்தல் இருக்க வேண்டும். கூடவே வெள்ளீயமும் அனுப்புவார்கள்; அரபில் அதற்குப் பெயர் கலயீ. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது இந்தச் சொல்தான். எடையைக் காலே அரைக்கால் சுத்தமாக எழுதுவது கஞ்சத்தனத்தால் அல்ல. பட்டறைக்காரன் ஒரு பிடி செம்பை எடுத்துவைத்துக்கொண்டால் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

கடைசியில் அன்பளிப்பு. 'மதிப்பும் முக்கியத்துவமும் இல்லாத சிலதை அனுப்பியிருக்கிறேன்' என்பது அதற்கான மாறாத வாசகம். அதற்குக் கீழே பட்டியல் வரும்: எகிப்துக் காகிதம், சர்க்கரை, உலர்ந்த திராட்சை. பதிலுக்கு மலபாரிலிருந்து கொட்டைப்பாக்கு போகும். மதிப்பில்லாதது என்று சொன்னாலும் ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள், கப்பலில் யாராவது கைவைத்துவிட்டால் தெரிய வேண்டுமே. பக்கத்தில் இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதுவார்கள், ஓரமும் நிறைந்தால் மேலே.

அடுத்த வருட விலை

ஏடனில் பென் யிஜுவின் பெரிய துணை மத்மூன் இப்னு ஹசன். அங்கே வெளியூர் வணிகர்களின் சார்பாளர் அவர்; துறைமுக நிர்வாகத்திலும் கை இருந்தது. இப்படிப்பட்டவரை அரபில் 'வகீல்' என்பார்கள். பின்னால் நம்மிடம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த அதே சொல்.

மத்மூன் ஒரு கடிதத்தில் பென் யிஜுவுக்கு ஒரு வேலை கொடுக்கிறார். உங்கள் பக்கத்து இந்திய வணிகர்களைப் பார்த்து என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வரும் வருடம் ஏடனில் மிளகு பஹார் 30 தினார் அல்லது அதற்கு மேல் போகும், இரும்பு 20க்குக் குறையாது என்றும் சொல்லுங்கள். மங்களூரிலிருந்து அவர்கள் கப்பல் அனுப்பினால் நானும் கூட்டுச் சேரத் தயார். அந்த வணிகர்களில் ஒருவர் இஸ்ஹாக் என்ற பனியா வணிகர். யூதர் எழுதி, யூதர் படித்து, இந்து, முஸ்லிம் வணிகர் காதுக்குப் போகிற கடிதம் இது. ஒருவர் பெயருக்கு எழுதினாலும் அது ஊருக்கே எழுதிய விலைப்பட்டியல்தான்.

இன்று சந்தை விலை எல்லாருக்கும் ஒரே நொடியில் தெரியும். அன்று அது தெரிந்தவன்தான் பணக்காரன். மத்மூன் அதை இலவசமாகத் தருகிறாரா என்றால், இல்லை. விலை ஏறும் என்று சொன்னால் கப்பல்கள் ஏடனுக்கு வரும். கப்பல் வந்தால் சுங்கம், தரகு, பேரம் எல்லாம் அவர் வாசலில். தகவலும் ஒரு தூண்டில்தான்.

விலைக்கு அடுத்து ஊர்ச் செய்தி. 1135ல் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு ஆட்சியாளர் 15 கப்பல்களில் சுமார் 700 பேரை அனுப்பி ஏடனை முற்றுகையிட்டார். இரண்டு மாதம் அவர்கள் துறைமுகத்திலேயே கப்பல்களுக்காகப் பதுங்கிக் கிடந்தார்கள். ராமிஷ்த் என்ற பெருவணிகரின் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகுதான் விரட்ட முடிந்தது. ஏடன்காரர்கள் இதையும் கடிதத்தில் விரிவாக எழுதினார்கள். சாகசக் கதை சொல்லும் ஆசையில் அல்ல. வழி திறந்திருக்கிறதா என்பது மிளகு விலையைப் போலவே ஒரு வியாபாரத் தகவல்.

ஏமாற்றினால் என்ன செய்வது?

புதிதாக இதைப் படிக்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. மங்களூரில் இருப்பவர் ஏடனில் போலீஸுக்கா போக முடியும்?

நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்த வேலைக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. நான் உன் மிளகை விற்றுத் தருகிறேன், நீ என் கெண்டியைச் செய்து அனுப்பு. இந்தக் கைமாற்று உதவிக்கு அரபில் 'ஸுஹ்பா' என்று பெயர், தோழமை. கணக்கைச் சுத்தமாக எழுதினால் அடுத்த பருவத்திலும் சரக்கு வரும். ஒரு முறை கைவைத்தால் அந்தச் செய்தி அடுத்த காற்றிலேயே கெய்ரோ வரை போய்விடும். பேர் கெட்டவனுக்கு யாரும் மூட்டை அனுப்ப மாட்டார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் ஏலக்காய்க் கதை. கடிதங்களில் 'கார்தார்' என்று வருகிற ஒரு மலபார்க்காரர் ஏலக்காய் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டார். பென் யிஜு மூலமாகத்தான் பணம் போயிருக்கிறது, சங்கடம் அவருக்கு. தன்மையாகப் பேசிப் பார்க்கிறேன் என்று அவர் எழுத, ஏடனிலிருந்து யூசுஃப் பென் ஆபிரகாம் பதில் போடுகிறார்: அவனை மிரட்டிப் பாருங்கள், எங்களுக்குப் பாக்கி வைத்துவிட்டுத் தராதவனின் மானத்தை ஏடனில் வாங்கிவிடுவோம் என்று சொல்லுங்கள், அந்தப் பயத்திலாவது தரட்டும். அப்படியும் தராவிட்டால் கண்டனக் கடிதமே எழுதி அனுப்புகிறோம். கவனியுங்கள், அடியாளும் இல்லை, வழக்கும் இல்லை. மிரட்டலே இன்னொரு கடிதம்தான். மலபார்க்காரர் ஏடன் மானத்துக்குப் பயப்படுவாரா என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு.

எல்லாவற்றையும் கடிதமே செய்துவிடாது என்பதற்குப் பாமா சாட்சி. பென் யிஜுவின் அடிமை, ஆனால் அவருக்காக ஏடன் வரை போய்ச் சரக்கு, பணம் எல்லாம் கையாண்டவர். அந்தக் காலத்து அடிமை முறையில் இப்படி நம்பிக்கைக்குரிய முகவராக இருந்தவர்களும் உண்டு. ஒரு பருவத்தில் மத்மூன், உங்கள் பாமா இங்கே குடித்துக்கொண்டு செலவுக்கு இன்னும் இன்னும் பணம் கேட்கிறார் என்று புலம்பி எழுதினார். பிற்காலக் கடிதங்களில் அதே பாமாவுக்கு 'ஷேக்' என்ற மரியாதையோடு நலம் விசாரிப்பு வருகிறது. எசமானர் அவரைக் கைவிடவில்லை, ஆள் நிலைத்துவிட்டார்.

கப்பல் முழுகுமே, அதற்கு? எல்லா மூட்டையையும் ஒரே கப்பலில் ஏற்றுவதில்லை. கடிதத்துக்கும் அதே விதி. முக்கியமானதை நகல் எடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்புவார்கள், ஏதாவது ஒன்று போய்ச் சேரட்டும் என்று. கப்பல்காரர்களும் எல்லா இனத்தாரும்தான். இந்தத் தாள்களில் ஓர் இந்தியக் கப்பல் முதலாளியின் பெயர் 'ஃபத்தன் ஸ்வாமி' என்று வருகிறது. அதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். பட்டணசுவாமி! நம் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் கன்னடக் கல்வெட்டுகளிலும் வணிகர் தலைவருக்கு வழங்கிய பட்டம், எபிரேய எழுத்தில் கெய்ரோ வரை போயிருக்கிறது.

காகிதம் தீர்ந்துபோன ஊர்

மலபாரில் எழுத ஓலை இருந்தது, காகிதம் இல்லை. ஏடனிலிருந்து அன்பளிப்பாக வரும் காகிதம்தான் பென் யிஜுவுக்கு மூலதனம். அதனால் வந்த கடிதத்தின் பின்பக்கத்தை அவர் வீணாக்கியதே இல்லை. கணக்கு, குறிப்பு, கவிதை, எல்லாவற்றையும் அங்கேயே எழுதினார். ஆராய்ச்சியாளருக்கு அது வரம். முன்பக்கம் ஏடன், பின்பக்கம் மங்களூர்.

1149ல் அவர் ஏடனுக்குத் திரும்பினார். அவர் மங்களூருக்கு வந்த வருடம், 1132 அக்டோபர் 17ல், அஷு என்ற இந்திய அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அவளே பிறகு அவர் பிள்ளைகளுக்குத் தாயானாள் என்பது ஆய்வாளர் கருத்து. மகன் ஊர் போய்ச் சேரும் முன் இறந்தான். மகளுக்கு 1156ல் ஃபுஸ்தாத்தில் கல்யாணம், மாப்பிள்ளை அவருடைய சகோதரர் மகன். பழைய கடிதங்களையெல்லாம் அவர் கூடவே தூக்கிப்போனதால்தான் மங்களூருக்கு வந்த தபால் கெய்ரோவில் கிடைத்தது.

அந்தக் கடிதக் கட்டில் மத்மூனின் கடிதம் ஒன்று. அதன் பின்பக்கத்தில் பென் யிஜு தன் கையால் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். விற்பனைச் சரக்கு அல்ல, கப்பலில் ஏற்ற வேண்டிய வீட்டுச் சாமான். அரிசி, ஊறுகாய் முதல் பாத்திரம் பண்டம் வரை, 173 உருப்படி.